எடையறையில் இன்னொரு இணைப்பு

சிம்போட்டே துறைமுகத்தின் கடைக்கோடியில் இருந்த மீன்மாவு ஆலைக்கு நெலிதா வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். மீன்பிடித் தடைக்காலம். நாற்பது நாளாக மீன் வேகவைக்கும் கொப்பரைகள் ஓடவில்லை. ஆனாலும் அவிந்த நெத்திலியின் நெடி எண்ணெய்ப் பிசுக்காக நாக்கில் படிந்தது.

"வாங்க, இன்ஜினியரம்மா. மூக்குக்குத் துணி கொண்டாந்தீங்களா?" என்றபடி கதவைத் திறந்தார் காவலாளி தோன் எலாதியோ.

"உங்களுக்கு நாறலையா?"

"எனக்கு இப்ப ரோஜாப்பூதாம்மா நாறுது."

எடையறையில் இருந்த வைஃபை பெட்டியில் எவனோ வெளியாள் நுழைந்து ஓசியில் இழுக்கிறான், பாஸ்வேர்டை மாற்றினாலும் போகமாட்டேன் என்கிறான் என்று மேலாளர் போனில் கத்தியிருந்தார். அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பேர் பாதியில் போய்விட்டார்களாம்.

பிசுபிசுத்த மேசையில் மடிக்கணினியை வைத்து, பெட்டியின் உள்ளமைப்புகளைத் திறந்தாள். இரண்டு இணைப்புகள். ஒன்று அவளுடையது.

மற்றதன் பெயர் நெப்தலி.

தடைப் பட்டியலில் போட்டாள். மறைந்தது. பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்தது. வலையின் பெயரை மறைத்து, புதிய பாஸ்வேர்ட் வைத்தாள். அதை அவளே தட்டி முடிப்பதற்குள் அவன் உள்ளே இருந்தான்.

"இரு, உன் கதையை முடிக்கிறேன்" என்று முணுமுணுத்தபடி அலையின் வலிமையை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கினாள். கணினியோடு நான்கு எட்டு நடந்தாள். அவளுடைய இணைப்பே அறுந்தது. திரும்பி வந்து பார்த்தாள்.

நெப்தலியின் சிக்னல் இம்மியும் குறையவில்லை. அவளுடையதைவிட வலுவாக இருந்தது.

அப்படியென்றால், அவளைவிடப் பெட்டிக்கு அருகில் அவன் இருக்கவேண்டும்.

பெட்டி இருந்த சுவர் கைக்கெட்டும் தூரம். நடுவில் எதுவும் இல்லை.

வெதுவெதுப்பான ஈரக்காற்று ஒன்று அவள் கன்னத்தில் பட்டது. அழுகலும் ஆவியும் கலந்த மூச்சு.

"தோன் எலாதியோ... நெப்தலி யாரு?"

எடையறை வாசலில் நின்ற கிழவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். குரல் இறங்கிப்போனது. "கொப்பரை கழுவ இறங்கினவன்மா. மேல இருந்தவங்க பாக்காம ஓட்டிட்டாங்க."

"உடனே நிறுத்தலையா?"

"கப்பல் காத்துக்கிட்டு இருந்துச்சு. அவனும் கலந்த மாவை அப்படியே மூட்டை கட்டி ஏத்திட்டாங்க."

"அவன் வீட்டுக்கு?"

"வேலையை விட்டு ஓடிட்டான்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டாங்க."

அந்த மாவு கோழித் தீவனத்துக்குப் போகும் என்பது நெலிதாவுக்குத் தெரியும்.

சொத்.

பெட்டியின் விளிம்பிலிருந்து பழுப்புக் குழம்பு ஒன்று மேசையில் விழுந்தது. அதில் நெத்திலிச் செதில்கள் மின்னின. நடுவே ஒன்று மட்டும் செதில் இல்லை.

நகம். அடியில் அழுக்கோடு, வேரில் சதையோடு.

வாசலைத் தாண்டுவதற்குள் வாந்தியெடுத்தாள்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து மேலாளரை அழைத்தாள். "என்னம்மா, ஆளைப் புடிச்சிட்டீங்களா?" என்றார் அவர்.

"புடிச்சிட்டேன். உங்க நெப்தலிதான். அவன் பொண்டாட்டிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லவா? த்தூ, நீங்கல்லாம் மனுசங்களா?"

மேலாளர் போனைத் துண்டித்தார்.

வீட்டில் மூன்று முறை குளித்தாள். எலுமிச்சையை வைத்துக் கையைத் தேய்த்ததில் தோல் சிவந்தது. சூரியன் கடலுக்குள் இறங்கும் நேரம் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

அவளுடைய பூனை உள்ளே வந்தது. அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. எதிர் நாற்காலியருகே நின்று, பின்னங்கால்களில் எழுந்தது. அதில் உட்கார்ந்த ஒருவன் கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி எட்டும் உயரத்தில், வெறுங்காற்றை ஆசையாக நக்கத் தொடங்கியது.

விரல் விரலாக.