கடலிலிருந்து வந்தவரின் போணி

லெமோனியாவின் அப்பா தூண்டில் முள்களைப் போட்டு வைத்திருந்த அலுமினியப் போணி உண்மையில் அவருடையது அல்ல. அவருடைய தாத்தாவுடையதும் அல்ல. அது கடலிலிருந்து வந்த ஒருவருடையது.

அந்த ஒருவரை, கிரேக்கக் கடற்கரையில் இருக்கும் எங்கள் மவ்ரோலித்தியில் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயர்தான் யாருக்கும் தெரியாது.

1944-ஆம் ஆண்டு குளிர்காலத்தில், ஜெர்மானியர்கள் இத்தாலியப் போர்க்கைதிகளை ஒரு கப்பலில் அடைத்து எங்கள் ஊர்ப் பக்கமாகக் கொண்டுபோனார்கள். புயலில் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. மறுநாள் காலை லெமோனியாவின் கொள்ளுத்தாத்தா கரையில் ஓர் இளைஞனின் உடலைக் கண்டார். கல்லறைத் தோட்டத்தின் சுவரோரமாகப் புதைத்தார். இடுப்பு வாரில் கம்பியால் கட்டியிருந்த போணியை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"யாராவது கேட்டு வருவாங்க" என்றார்.

யாரும் வரவில்லை. போணி கொள்ளுத்தாத்தாவிடமிருந்து தாத்தாவுக்கும், தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் வந்தது. கூடவே அந்தச் சொல்லும் வந்தது.

ஆண்டுதோறும் இறந்தவர்களின் சனிக்கிழமை அன்று, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பாதிரியாரிடம் கொடுப்போம். அவர் பேருந்து நடத்துநர் ஊர்ப் பெயர் சொல்வதுபோல் மூச்சுவிடாமல் படித்துக்கொண்டே போவார். லெமோனியா வீட்டுச் சீட்டின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'பெயரைக் கடவுள் அறிந்த ஒருவர்.' அது வரும்போது கோயிலில் எல்லோருடைய உதடுகளும் சேர்ந்து அசையும்.

அந்த ஆண்டு, சனிக்கிழமைக்குச் சில வாரங்கள் முன்னால், பாதிரியார் லெமோனியாவின் அப்பாவைப் பார்க்கப் படகுக் கொட்டகைக்கு வந்தார்.

"லெஃப்தேரிஸ், சுவரோரத்துக் குழியையும் தோண்டப்போறாங்கப்பா. புதுசா புதைக்க இடம் பத்தல."

எங்கள் ஊரில் கல்லறை யாருக்கும் நிரந்தரம் இல்லை. சில ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்து, திராட்சை மதுவால் கழுவி, ஒரு பெட்டியில் வைப்போம். பெட்டியின் மேல் பெயர் எழுதி, கோயிலுக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் அடுக்குவோம். யார் வேண்டுமானாலும் போய், தங்கள் வீட்டுப் பெட்டியைத் தொட்டுப் பேசிவிட்டு வரலாம்.

"அவரையும் பெட்டியில வெச்சிரலாமே, சாமி" என்றார் லெமோனியாவின் அப்பா.

"பேரில்லாத பெட்டியை அடுக்க முடியாதே. பேரு தெரியாத எலும்பெல்லாம் பொதுக்குழிக்குத்தான் போகும். அதுதான் வழக்கம்."

பொதுக்குழியை லெமோனியா எட்டிப் பார்த்திருக்கிறாள். அதற்குள் யாருடையது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

"அப்போ நிக்கோலாஸ்னு எழுதிடுங்க. ஊர்ல பாதிப் பேரு நிக்கோலாஸ்தானே!" என்றார் அப்பா.

வலைக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. அது லெமோனியாவின் தலை.

"அப்பா, அவரைத் தேடிக்கிட்டு யாராவது வந்தா? நிக்கோலாஸ்னு எழுதின பெட்டியையா பார்ப்பாங்க?"

"இத்தனை வருஷம் கழிச்சு யாரு கண்ணு வரப்போறா?"

"யாராவது கேட்டு வருவாங்கன்னு நீதானேப்பா சொல்லுவ?"

அப்பா பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் தாடியைச் சொறிந்தார். "சனிக்கிழமை வரைக்கும் தோண்ட வேணாம்னு சொல்லிப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லெமோனியா தூண்டில் முள்களை ஒரு பழந்துணியில் கொட்டிவிட்டுப் போணியைக் கையில் எடுத்தாள். உள்ளே வழவழவென்று கறுப்பு. அடியில் ஏதோ கீறல்கள்.

அலுமினியம் இரும்பைப்போல் சிவப்பாகத் துருப்பிடிக்காது. காற்று பட்டால் அதன்மேல் மெல்லிய சாம்பல் நிறப் படலம் ஒன்று உண்டாகும். இந்தப் போணியில் அந்தப் படலத்தின்மேல் உப்பும் மீன் எண்ணெயும் மூன்று தலைமுறையாக ஏறியிருந்தன. புளிப்பு பட்டால் அந்தக் கறை கொஞ்சம் கொஞ்சமாக இளகும். லெமோனியா ஓர் எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, உப்பில் தொட்டு, தேய்க்கத் தொடங்கினாள்.

லெமோனியா என்றால் எங்கள் மொழியில் எலுமிச்சை மரம். அப்பா சும்மா இருப்பாரா?

"அடேங்கப்பா! எலுமிச்சையே எலுமிச்சையைத் தேய்க்குது!"

"சிரிக்காம அடுப்புக்கரி கொஞ்சம் கொண்டுவா, அப்பா."

கரியைப் பொடி செய்து கீறல்களின்மேல் பூசினாள். பிறகு துணியால் மேலாகத் துடைத்தாள். மேலே இருந்த கரி துணியோடு போயிற்று. பள்ளத்துக்குள் இருந்த கரி அங்கேயே தங்கிவிட்டது. கீறல்கள் கறுப்புக் கோடுகளாயின. கோடுகள் எழுத்துகளாயின. யாரோ ஆணியால் நிதானமாக எழுதியிருந்த ஒரு பெயர்.

ஆதெல்மோ ரீகி.

அப்பா போணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆதெல்மோ" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார் அப்பா. "இத்தனை வருஷமா எங்க கைக்குள்ளேயே இருந்திருக்கியேப்பா... லெமோனியா, பெயிண்டை எடு. பெட்டியில எழுதிடலாம்."

"இருப்பா. ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

ஏதென்ஸில், காணாமற்போன இத்தாலியப் படைவீரர்களின் ஆவணங்களைத் தேடித் தரும் சிறிய அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே நொவெல்லா என்ற இத்தாலியப் பெண்மணி வேலை பார்த்தார். நன்றாகக் கிரேக்கம் பேசுவார். தொலைபேசியில் லெமோனியா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிட்டார்.

"அந்தக் கப்பல்ல இறந்தவங்க பட்டியல்ல அப்படி ஒரு பேரு இல்லையேம்மா."

அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஆயிரக்கணக்கான பேரு எழுதறப்போ ஒண்ணு விட்டுப்போயிருக்கும். போணியில இருக்கறதுதான் நிஜம்" என்று தூரிகையை எடுத்தார்.

லெமோனியா அவர் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "ஆன்ட்டி, அந்தப் பட்டியலை எப்படிச் செஞ்சாங்க? கடலுக்குள்ள போய் யாரும் எண்ணியிருக்க முடியாதே."

"நல்லாக் கேட்டே! இதை யாருமே கேக்கறதில்ல" என்றார் நொவெல்லா. குரலில் உற்சாகம் தெரிந்தது. "கைதிங்களைக் கப்பல்ல ஏத்தும்போது பேரு எழுதினாங்க. அது ஒரு பட்டியல். புயலுக்கு அப்புறம் தண்ணியிலேர்ந்து தூக்கின கொஞ்சம் பேரை எழுதினாங்க. அது ரெண்டாவது. முதல்ல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா..."

"மிச்சம் இறந்தவங்க."

"ஆமாம்மா. மிச்சம் இறந்தவங்க."

லெமோனியாவுக்குப் பள்ளிச் சுற்றுலா நினைவுக்கு வந்தது. பேருந்தில் ஏறும்போது ஒருமுறை பெயர் கூப்பிடுவார்கள், திரும்பும்போது ஒருமுறை. குறைகிறவனைத்தான் தேடுவார்கள். இருக்கிறவனை யாரும் தேடுவதில்லை.

"அப்போ அந்த ரெண்டாவது பட்டியலைப் பாருங்களேன்."

"எதுக்கும்மா? அது உயிரோட வந்தவங்க பட்டியலாச்சே. உங்க ஆளு கல்லறையில இல்ல இருக்காரு?"

"இருந்தாலும் பாருங்களேன், ஆன்ட்டி."

தாள்கள் புரளும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"ஆதெல்மோ ரீகி" என்றார் நொவெல்லா மெதுவாக. "இருக்காரு. தண்ணியிலேர்ந்து தூக்கியிருக்காங்க. போர் முடிஞ்சு ஊருக்கும் திரும்பியிருக்காரு."

அப்பா தூரிகையைக் கீழே வைத்தார். "கடவுளே! பொழச்சு வந்தவரு பேரையா எலும்புப் பெட்டியில எழுத இருந்தேன்? அப்போ நம்ம ஆளு யாரு?"

அதைத் தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. நொவெல்லா ஆதெல்மோவின் மலையூருக்கு எழுதினார். ஆதெல்மோ இறந்து பல காலம் ஆகியிருந்தது. அவருடைய மகன் வால்தேர் இருந்தார். கடிதத்தைப் படித்ததும் அவரே நொவெல்லாவைக் கூப்பிட்டார். அவர் சொன்னதை நொவெல்லா லெமோனியாவிடம் சொன்னார்.

"அவங்க வீட்டுச் சுவத்துலயும் ஒரு போணி தொங்குதாம். அதுல ஒரெஸ்தே ஃபான்தின்னு எழுதியிருக்காம்."

ஆதெல்மோவும் ஒரெஸ்தேயும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் போணிகளை மாற்றிக்கொண்டார்கள். யார் முதலில் வீடு திரும்புகிறார்களோ, அவர் மற்றவரின் அம்மாவிடம் போய்ப் போணியைக் கொடுத்து, 'உன் மகன் வந்துகொண்டிருக்கிறான்' என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் பேச்சு.

ஆதெல்மோ போனார். ஆனால் அந்த அம்மா போணியை வாங்கவில்லை. "நீயே வெச்சிரு. உன் போணி அவன்கிட்ட இருக்கில்ல? வந்து மாத்திக்கட்டும்" என்றாராம். கடைசிவரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாராம். அரசாங்கத் தாளிலும் 'காணவில்லை' என்றுதான் எழுதியிருந்தது.

"ஒரெஸ்தே ஃபான்தி, முதல் பட்டியல்ல..." என்று இழுத்தாள் லெமோனியா.

"பார்த்துட்டேன்மா. ஏறியிருக்காரு. திரும்பல."

அன்று மாலை அப்பா பெட்டியில் பெயர் எழுதினார். படகுக்குப் பெயர் எழுதும்போதுகூட அவர் அவ்வளவு நிதானமாக எழுதியதில்லை. லெமோனியா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமைக்குள் எலும்புகளை எடுத்துக் கழுவி அதில் வைத்தார்கள்.

சனிக்கிழமை வந்தது. லெமோனியாவின் அம்மா இறந்தவர்களுக்காகக் கோதுமையை அவித்து, சர்க்கரையும் மாதுளை முத்தும் தூவித் தட்டில் கொண்டுவந்தாள். கோயிலின் கடைசி வரிசையில் கறுப்புக் கோட்டு அணிந்த வயதான வெளியூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் துணியால் சுற்றிய ஏதோ இருந்தது.

அப்பா பாதிரியாரின் காதோரம் கிசுகிசுத்தார். "சாமி, நம்ம ஆளு கத்தோலிக்கர் ஆச்சே. நம்ம ஆர்த்தடாக்ஸ் கோயில்ல அவரு பேரைப் படிக்கலாமா?"

"பேரே இல்லாம இத்தனை வருஷம் படிச்சேன். பேரு கிடைச்ச பிறகு படிக்க மாட்டேனா? போய் நில்லுப்பா."

பாதிரியார் படிக்கத் தொடங்கினார். பெயர்கள் ஓடின. லெமோனியா வீட்டுச் சீட்டின் கடைசி வரி வந்ததும், ஊரார் எல்லோருடைய உதடுகளும் பழக்கத்தில் 'பெயரைக் கடவுள்' என்று அசையத் தொடங்கின.

பாதிரியார் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரெஸ்தே" என்று படித்தார்.

கடைசி வரிசையில் அந்த முதியவர் எழுந்து நின்றார்.

பிறகு எல்லோரும் பெட்டி அறைக்குப் போனார்கள். அந்த முதியவர்தான் வால்தேர்; அவர் துணியைப் பிரித்தார். சுவரில் தொங்கிய போணி. அதற்குள் ஒரெஸ்தேயின் அம்மா வீட்டு மரத்துக் கஷ்கொட்டைகள் கொஞ்சம். அதைப் பெட்டியின்மேல் வைத்தார். லெமோனியா, எலுமிச்சையால் பளபளவென்று தேய்த்த போணியை அவரிடம் நீட்டினாள். அவர் உள்ளே பார்த்தார். தன் அப்பாவின் பெயரை விரலால் தடவினார்.

"யாராவது கேட்டு வருவாங்கன்னு எங்க தாத்தா சொன்னாரு" என்றார் லெமோனியாவின் அப்பா.

வால்தேருக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனாலும் அவர் தலையை ஆட்டி, அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை லெமோனியா கொட்டகைக்குப் போனபோது, தூண்டில் முள்கள் ஒரு பழைய காப்பி டப்பாவில் கிடந்தன.

"இது யாருதுப்பா?"

"நம்மளுதுதான்" என்றார் அப்பா, வலையிலிருந்து தலையைத் தூக்காமலே. "இதை யாரும் கேட்டு வர மாட்டாங்க."