முதுகில் ஒட்டியது

காலையில் வந்து செல் வளர்ப்புப் பெட்டியைத் திறந்ததுமே முகத்தில் அடித்தது. சிகரெட்டும் ஊறிப்போன வியர்வையும் கலந்த வீச்சம். தோல் செல் வளர்க்கும் எங்கள் ஆய்வகத்துக்குள் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு வரக்கூட அனுமதி இல்லை.

தீக்காய வார்டில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் ஒரு நோயாளிக்காக, அவள் தொடையில் எடுத்த துளித் தோலை ஒரு தட்டில் வளர்த்துக்கொண்டிருந்தேன். முதுகு முழுக்க வெந்திருந்தது. சீக்கிரம் புதுத் தோல் மூடாவிட்டால் சீழ் பிடித்தே செத்துவிடுவாள். செல்களோ ஆமை வேகம். திடீரென்று சில நாளில் தட்டு நிறைந்துவிட்டது. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஊட்டத் திரவம் சீழ் மஞ்சளாகி, தொட்டால் நூல்விட்டது.

பெட்டியின் சூடு சரி, வாயு சரி, கிருமி இல்லை. பிறகு ஏன் இந்த வெறி? செல் யாருடையது என்று பார்க்க டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை பொறுக்கும்படி சர்ஜனிடம் கெஞ்சினேன்.

"நல்லா வளர்ந்ததுக்குப் போய் யாராவது ஒப்பாரி வைப்பாங்களா?" என்று சிரித்தார். அன்றே அந்தத் தோலை அவள் முதுகில் வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது.

ஆணின் செல்கள்.

அந்தப் பெட்டியில் ஒரே ஓர் ஆணின் தோலைத்தான் வளர்த்தோம். அவளைக் கொளுத்தப் போய்த் தானும் வெந்த அவள் புருஷன். அவன் செத்ததும் அந்தத் தட்டை அழித்தாயிற்று.

"ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டில்ல திரவம் எடுத்தீங்களாண்ணே?"

என் சீனியர் தலை குனிந்தார். "அவசரம்மா. ஒரு செல் தெறிச்சு விழுந்திருந்தாலே போதும்."

அந்த ஒன்றே அவளுடையதையெல்லாம் அமுக்கிவிட்டுப் பரவியிருக்கிறது. சீ, செத்தும் விடவில்லை.

வார்டுக்கு ஓடினேன். அக்கா குப்புறக் கிடந்தாள்.

"முதுகுல இருக்கிற கையை எடுக்கச் சொல்லும்மா," என்று கிசுகிசுத்தாள்.

"யாரும் இல்லக்கா."

"அடிக்கிறதுக்கு முன்னாடி இப்படித்தான் வைப்பான்."

நான் சொன்னதை சர்ஜன் நம்பவில்லை. "அடுத்தவன் தோல்னா உடம்பு உதறித் தள்ளியிருக்கும்," என்றபடி கட்டைப் பிரித்தார்.

சதுரமாக வைத்த தோல் ஐந்து விரலாகப் பிரிந்திருந்தது. கருமயிர் அரும்பி, ஈரமாக வியர்த்திருந்தது. அதே சிகரெட் வீச்சம்.

சர்ஜன் இடுக்கியால் ஓரத்தை மெல்லத் தூக்கினார்.

விரல்கள் இறுகின. அவள் சதைக்குள் நகம் இறங்கியது.