நெருப்பின் மேல் நின்ற மனிதன்

கீழ்க்கடலின் நீலத் திரைகளிலிருந்து பூரணச் சந்திரன் மெல்ல எழுந்து, நாகைத் துறையில் நங்கூரமிட்டிருந்த நாவாய்களுக்கெல்லாம் வெள்ளி முலாம் பூசிக்கொண்டிருந்த அந்த அந்திப் பொழுதின் அழகை ரசிக்கும் நிலையில் ஏழிசைநங்கை இல்லை. சந்திரன் கோட்டை மதிலுக்கு மேல் வந்ததும், மண்டபத்தில் விலங்கோடு நிற்கும் வாலிபனின் தலை உருள வேண்டும் என்று கோட்டைத் தலைவரான அவள் தந்தை மழவரையர் தீர்ப்பளித்திருந்தார்.

வாசகர்களே, சீனக் கப்பலில் வந்திறங்கிய அந்த வாலிபன் இளவெயினனை அவள் அதுவரை கண்டது இரண்டே முறை. அதற்குள் மனத்தைப் பறிகொடுத்துவிட்டாள். மனம் நம்மைக் கேட்டுக்கொண்டா போகிறது?

அவன் மடியில் கிடைத்த பட்டில் ஒரே ஒரு சீன எழுத்து இருந்தது. "இந்த எழுத்தின் கீழே இருப்பது நெருப்பு, பிரபு! கோட்டைக்குத் தீ வை என்று ஒற்றனுக்கு வந்த கட்டளை!" என்றான் மொழிபெயர்ப்பாளன் குணவாசகன். சீனக் கப்பல் தலைவன் கைகளை வீசி ஏதோ கத்தினான். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவனும் குணவாசகனே அல்லவா? "ஆமாம் என்கிறான்" என்றான், வாய் கூசாமல். நங்கைக்கு இரத்தம் கொதித்தது.

சிறுமியாக இருந்தபோது அந்தக் கப்பல் தலைவனின் மனைவி அவளுக்குச் சில எழுத்துகளை விளையாட்டாகக் கற்றுத் தந்திருந்தாள். சீனப் பேச்சு வராது. தூரிகை பிடிக்க வரும்.

"தந்தையே! இதே எழுத்தை இருவரும் என் கண்ணெதிரே எழுதட்டும்!"

குணவாசகன் அலட்சியமாக அடியிலிருந்த நெருப்பை முதலில் வரைந்து மேலே ஏறினான். கப்பல் தலைவனோ, மேலே கைகளை விரித்து நிற்கும் மனித உருவை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகே அவன் காலடியில் நெருப்பை மூட்டினான்.

"பார்த்தீர்களா? சீனர் உச்சியிலிருந்துதான் எழுதத் தொடங்குவார்கள். குணவாசகருக்கு அந்த மொழியில் அரிச்சுவடிகூடத் தெரியாது! பெருநெருப்பின் ஒளியில் நிற்கும் மனிதன் எப்படித் தெரிவான்? சிவப்பு என்பதே இதன் பொருள். கலப்பற்ற நெஞ்சையும் அவர்கள் இந்த நிறத்தால்தான் சொல்வார்கள்!" என்றவள், எழுத்தைச் சுட்டிக் கண்களாலேயே வினவினாள். கப்பல் தலைவன் தன் சிவந்த இடைக்கச்சையைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

குணவாசகன் கட்டாரியை உருவிக்கொண்டு சாளரத்தை நோக்கிப் பாய்ந்தான். இளவெயினனின் கைவிலங்கு அவன் பிடரியில் இறங்கியது, சுருண்டு விழுந்தான்.

"மொழிபெயர்ப்பாளன் வேடத்தில் ஒளிந்திருந்த இந்தத் துரோகியைத் தேடித்தான் வந்தேன், மழவரையரே. இவன் அகப்படும்வரை நான் யார் என்பதை வெளியிடுவதில்லை என்று என் தந்தைக்கு வாக்களித்திருந்தேன்" என்ற வாலிபன், கொண்டையிலிருந்து புலி முத்திரை மோதிரத்தை எடுத்தான்.

"இளவரசே!" என்று மழவரையர் மண்டியிட்டார். மண்டபம் ஜயகோஷத்தால் அதிர்ந்தது.

இளவரசனோ நேரே நங்கையிடம் சென்று அந்தப் பட்டுத் துணியை நீட்டினான். "சீன மன்னர் சோழநாட்டின் நட்புக்கு அளித்தது, தேவி. இனி இது தங்களுடையது. தங்களையன்றி வேறொருத்தி என் அரியணையில் அமரமாட்டாள். இது புலிக்கொடியின் மீது ஆணை!"

அத்தனை பேர் முன்னிலையில் ஓரிளவரசனுக்குக் கட்டளையிடலாமா என்று நங்கை யோசிக்கவேயில்லை.

"முதலில் அந்த விலங்கைக் கழற்றச் சொல்லுங்கள்" என்றாள். "பிறகு கையைக் கொடுங்கள்."