வெறும் தண்ணீர்

அன்று மஃரிபு தொழுகை முடிந்தும் பள்ளிவாசல் வாசலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. நீடாமங்கலத்துக்குத் தெற்கே இந்த ஊரில், பிள்ளைக்குக் காய்ச்சலோ பயமோ என்றால் எந்தச் சாதிப் பெண்ணும் அந்தி நேரத்தில் செம்புத் தண்ணீரோடு வந்து நிற்பாள். ஹலீமாவின் கணவர், பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் ஜெக்கரியா, கண்ணை மூடி ஓதி, அதில் ஊதிக் கொடுப்பார். இன்று வாசல் காலியாக இருந்தது.

ஏன் என்று ஹலீமாவுக்குத் தெரியும். எல்லாம் அந்த யூடியூப்காரன் வேலை. 'அந்தத் தண்ணியில என்ன கலக்குறாங்க? நம்ம புள்ளைங்க ஏன் மந்தமா இருக்கு? நான் சொல்லலங்க, கேக்குறேன். கேட்டா தப்பா?' இந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஊரை எரித்துச் சோறு பொங்கித் தின்கிற பயல். ஜெக்கரியாவுக்கோ கோபமே வரவில்லை. "நானே ஒரு செம்பு குடிச்சுக் காட்டிட்டா முடிஞ்சுபோச்சு" என்று காலையில் சிரித்தார்.

சேற்று வாடையும் பயிருக்கு அடித்த மருந்தின் நெடியும் கலந்து வீசிய காற்றில், வாய்க்காலுக்கு அக்கரையிலிருந்து, வீட்டுக்கு வீடு கைபேசிகளில் அரை நொடி பிந்தி அவனுடைய அதே குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. சட்டென்று எல்லாம் ஒன்றாக நின்றன.

பிறகு செருப்புச் சத்தம்.

முன்னால் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய். அவள் மகன் பரிதிக்கு வலிப்பு வந்தபோது விடிய விடிய ஓதியவர் ஜெக்கரியா. ஹலீமாவுக்கு உயிர் வந்தது. பள்ளி வாசலுக்கு ஓடினாள்.

"வா பொன்னு. பரிதி எங்க?"

எந்த இடுப்பிலும் பிள்ளை இல்லை. எல்லார் கையிலும் செம்பு மட்டும்.

"இன்னைக்கு அவரு குடிக்கட்டும்க்கா. வெறும் தண்ணிதானே."

மருந்து நெடி. வயலிலிருந்து வரவில்லை. செம்பிலிருந்து.

"பொன்னு, இதுல என்னடி கலந்த?"

"நான் சொல்லலங்க, கேக்குறேன்."

அது பொன்னுத்தாயின் குரல் இல்லை. அவன் குரல். யார் கையிலும் கைபேசி இல்லை. பின்னால் நின்ற அத்தனை வாயும் அசைந்தது. ஒரே இழுவை. ஒரே குரல்.

"கேட்டா தப்பா?"

ஹலீமா கத்த வாய் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு கை வாயைப் பொத்திக் கூட்டத்துக்குள் இழுத்தது. அந்தக் கையிலும் அதே நெடி.

ஜெக்கரியா பள்ளிக்குள்ளிருந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா. வர மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"குடிங்க பாய்."

"குடிக்கிறேன். அதுக்கென்ன."

செம்பை வாங்கினார். வழக்கம்போல் கண்ணை மூடினார். ஓதினார். ஊதினார்.

வாயில் வைத்தார்.

வரிசையில் அடுத்தவள் தன் செம்போடு முன்னால் வந்தாள்.