சேறு பட்ட காலுக்கே வயல்

பக்கத்து வயல்காரன் ஆதவன் யாருக்கோ பினாமி என்பதில் நிறைமதிக்குச் சந்தேகமே இல்லை. ஆதாரம்தான் இல்லை. ஏழு வருடமாகப் பார்க்கிறாள், ஒரு நாளாவது அவன் சேற்றில் இறங்கிக் கண்டதில்லை. சனிக்கிழமையானால் காரில் வந்து இறங்குவான், மடிப்புக் கலையாத சட்டையில். கூடவே நாலு பேர் வந்து வயலைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கார் எண்களை எல்லாம் அவள் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தாள்.

பினாமி என்பது லேசுப்பட்ட குற்றமில்லை. வெண்ணாற்றுக்குத் தெற்கே இருப்பதெல்லாம் தொன்னிலம். நூற்றாண்டுக் கணக்கில் இடைவிடாமல் உழப்பட்ட மண் என்று உறுதியானதும், தொன்னில வாரியம் அதன் விலையை உறையவைத்துவிட்டது. நாற்பது வயதுக்குள் இருந்து, தானே பயிர் செய்கிறவருக்கு மட்டும்தான் அதை விற்கலாம். மனை போட்டு விற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? இளைஞர்களைப் பிடித்து அவர்கள் பெயரில் வாங்கினார்கள். அந்தத் திருட்டைக் கண்டுபிடிக்க வந்ததுதான் வியர்வைமானி.

வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர் தன் தோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைக் கொஞ்சம் அங்கே விட்டுவிட்டுத்தான் கரையேறுகிறார். அந்தக் கூட்டம் ஆளுக்கு ஆள் வேறு. மூன்று வருடம்வரை மண் அதை வைத்திருக்கும். வியர்வைமானியின் குழலைச் சேற்றில் இறக்கினால், கூலியாள்வரை எல்லோரிடமும் வாரியம் எடுத்து வைத்திருக்கும் தோல் மாதிரிகளோடு ஒப்பிட்டு, இந்த வயலில் யார் எவ்வளவு பாடுபட்டார் என்று பெயரோடு சொல்லிவிடும். இயந்திரத்துக்குத் தோல் இல்லை, அதனால் டிராக்டர் அதில் சேராது. பாதிக்கு மேல் எவருடைய உழைப்போ, நிலம் யார் பெயரில் இருந்தாலும் அதை வாங்க அவருக்கே முதல் உரிமை.

சட்டம் தானாக வந்துவிடவில்லை. தஞ்சாவூர்ப் பேரணியில் ‘சேறு பட்ட காலுக்கே வயல்’ என்று தொண்டை கட்டக் கத்தியவர்களில் நிறைமதியும் ஒருத்தி. அவள் வம்சத்தில் வரப்பின் மேல் நின்றவர் ஒருவரும் இல்லை, எல்லோரும் கீழே சேற்றில் நின்றவர்கள். மூன்று ஏக்கர் கைக்கு வந்த புதிதில் வாரியம் செய்த சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு அவள் உழைப்பு. பிறகு தொன்னில உழவர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனாள். கூட்டம், மனு, விசாரணை என்று நாள் போனது. பினாமிகளைக் காவல் காப்பதும் விவசாயத்தில் சேர்த்திதான் என்று அவள் நினைத்தாள். ஆதவன் வயல் கம்பெனிக்காரன் கைக்குப் போனால் வாய்க்கால் போகும், வாய்க்கால் போனால் தன் வயலும் போகும் என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை. கடைசியில் அவன் வயலைச் சோதிக்கச் சொல்லி வாரியத்துக்கு மனு கொடுத்துவிட்டாள்.

சோதனைக்கு வந்த மண்ணாய்வாளர் சமீனா குழலைப் பொருத்துவதற்கு முன் ஒருமுறை கேட்டார்.

“மனு குடுத்தவங்க வயலையும் சேத்துத்தான் பாக்கணும்னு விதி இருக்குங்க. படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?”

“நல்லாப் பாருங்க மேடம். எனக்கென்ன பயம்?”

அப்போது நிறைமதியின் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. ஜார்க்கண்டிலிருந்து வந்த பூல்மணி, முழங்கால் சேற்றில் குனிந்தபடி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வயது. ஐந்து வருடமாக நடவு, களையெடுப்பு, மடை பார்ப்பது எல்லாம் அவள்தான். ரேஷன் அட்டையிலிருந்து வங்கிக் கடிதம்வரை தமிழில் எது வந்தாலும் நிறைமதியிடம்தான் கொண்டுவந்து நீட்டுவாள்.

முதலில் ஆதவன் வயல். அவனும் பக்கத்தில் நின்றிருந்தான். ஒன்பது இடத்தில் குழல் இறங்கி ஏறியது. சமீனா திரையைப் பார்த்தார்.

“நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு இவரோட உழைப்புத்தான்.”

“இருக்கவே இருக்காது,” என்றாள் நிறைமதி. “நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்ல.”

“நான் விடியக்காலையில எறங்கிடுவேங்க,” என்றான் ஆதவன். அவன் குரலில் கோபம்கூட இல்லை. “நீங்க ஒம்பது மணிக்கு வருவீங்க. அதுக்குள்ள நான் ஏறிப் போயிருப்பேன். சனிக்கிழம வர்றவங்க அரிசி வாங்குறவங்க.”

அவள் நம்பவில்லை. மானியை ஏமாற்ற ஏதோ வழி கண்டுபிடித்திருக்கிறான் என்றே நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் குழல் அவள் வயலில் இறங்கிவிட்டது. இந்த முறை சமீனா திரையை வெகுநேரம் பார்த்தார். குழலைக் கழுவி மறுபடி ஒருமுறை இறக்கினார்.

“உங்களது எட்டுங்க. பூல்மணி எழுபத்தொண்ணு. மிச்சம் மத்த ஆளுங்க.”

“மேடம், அது எங்கிட்ட கூலிக்கு இருக்குற பொண்ணு.”

“மானிக்குக் கூலி தெரியாதுங்க. அது தெரியக்கூடாதுன்னுதான் நீங்க பேரணி போனீங்க.”

நிறைமதிக்கு அழுகை வந்தது. ஆத்திரம் அதைவிட அதிகமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சமீனா நீட்டிய படிவத்தை வாங்கப் பூல்மணி கரையேறி வந்தாள். எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அதிகாரி, மெஷின், கையெழுத்து மூன்றும் ஒன்றாக வந்தால் நல்லதற்கு இல்லை என்பது அவள் அனுபவம். உங்கள் மொழியிலேயே மெஷின் படித்துச் சொல்லும் என்றார் சமீனா.

“மெஷின் வேணாம். அக்கா படிக்கட்டும்,” என்று படிவத்தை நிறைமதியிடம் நீட்டினாள் பூல்மணி. பிறகு மெதுவாகக் கேட்டாள். “அக்கா, இதுல கையெழுத்துப் போட்டா என்ன ஊருக்கு அனுப்பிடுவாங்களா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். பூல்மணி படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேற்றுக்குப் போய்விடுவாள், மூன்று ஏக்கரும் அப்படியே இருக்கும். நிறைமதி தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து வருடத்தில் இவளுக்கு ஒரு கடிதத்தைக்கூட மாற்றிப் படித்ததில்லை.

“அனுப்ப மாட்டாங்க,” என்றாள். “இந்த வயலை நீ வாங்கிக்கலாம்னு போட்டிருக்கு. தவணைக்கு வாரியமே கடன் தரும். வேற யாரும் கேக்க முடியாது. நானும்.”

பூல்மணி மூன்று முறை படிக்கச் சொன்னாள். மூன்று முறையும் நிறைமதி அதையேதான் படித்தாள். பிறகு பூல்மணி கையெழுத்துப் போட்டாள். வயலுக்குத் திரும்பினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, முக்கால்வாசி நாற்று இன்னும் கட்டுக் கட்டாகக் கிடந்தது.

ஒற்றை ஆளாக அவள் எப்படி முடிப்பாள்? நிறைமதிக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், ஒரு நாற்றுக்கட்டைக் கையில் எடுத்தாள்.

குனிந்திருந்த பூல்மணி நிமிர்ந்தாள். அவள் பார்வை நிறைமதியின் வெறுங்காலில் போய் நின்றது. அந்தப் பார்வையை நிறைமதிக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருடமாக அவளும் ஆதவனை அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

“வேணாம் அக்கா,” என்றாள் பூல்மணி. “நீங்க வரப்புலயே நில்லுங்க.”