திருப்பிய பிறகும் அடித்த மணி

“ஐயோ... ஏலக்காய் மூட்டையைக் காணோம்!”

கோட்டைச்சாமியின் அலறலில் போடி மலைச்சரிவே அதிர்ந்தது!

அன்னக்கொடி ஓடி வந்தாள். காய் உலர்த்தும் தங்கள் ஸ்டோர் வாசலில் அவளுடைய அப்பா நெஞ்சைப் பிடித்தபடி நின்றிருந்தார். பனி இறங்கும் குளிரிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“என்னப்பா இப்படி வேர்க்குது?”

“ஆத்திரம் ஆத்தா... ஆத்திரம்! எல்லாம் நீ கட்டிக்கப்போறவன் பார்த்த சோலி!”

“அவரா?”

சோலைமலை... போடியில் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். ஆவணியில் கல்யாணம் என்று போன மாதம்தான் வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். பிறகு தேவாரத்திலிருந்து ஒரு பணக்கார வரன் வந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு மனசே சரியில்லை. ஆனால், நிச்சயித்ததைக் காரணமில்லாமல் முறிக்க முடியுமா?

இப்போது காரணம் கிடைத்துவிட்டது!

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் யோசேப்பின் ஜீப் வந்து நின்றது. உள்ளே சோலைமலை!

யோசேப்பு ஸ்டோர் சுவரில் இருந்த மணியைக் காட்டினார். “இந்த மணியைச் செஞ்சது நீதானே?”

“ஆமா சார். கால் மணிக்கு ஒருதரம் தானா அடிக்கும். அடிச்சதும் காவக்காரர் வந்து அடுப்புல விறகைத் தள்ளிட்டு, மூட்டைகளைப் பார்த்துட்டுப் போவாரு.”

“காலையில பத்தே காலுக்கு அவரு வந்தப்ப மூட்டை இருந்திருக்கு. அப்புறம் மணியே அடிக்கல. எவனோ மணியோட குமிழை ஒரு மணி நேரத்துக்குத் திருப்பி வெச்சிருக்கான். காவக்காரர்தான் மறுபடி கால் மணிக்கு வெச்சிருக்காரு.”

“அவன் செஞ்ச மிஷினு! வேற எவன் கை வைப்பான்?” கோட்டைச்சாமி பாய்ந்தார். “வெரசா விலங்கை மாட்டுங்க சார்!”

சோலைமலை பதறவில்லை.

“சார், நானும் ஒரு மணி நேரத்துக்குத் திருப்புறேன். செத்த நேரம் உக்காருங்க.”

திருப்பினான்.

அன்னக்கொடி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். யோசேப்பு முதல் வாய் உறிஞ்சினார்...

ணங்ங்ங்!

காப்பி காக்கிச் சட்டையில்!

“யோவ்! இனி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான அடிக்கணும்?”

“ஓடிக்கிட்டிருக்கிற சுத்து பழைய கணக்குலதான் சார் முடியும். அடுத்த சுத்துலேருந்துதான் புதுசு.”

“இந்த மூதேவி காலையில என்னையும் இப்படித்தான் கவுத்துச்சு!” கோட்டைச்சாமி கொதித்தார். “ஒரு மணி நேரம் அடிக்காதுன்னு நம்பி உள்ள போனா, அஞ்சு நிமிஷத்துல ணங்குன்னுருச்சு! காவக்காரன் போற வரைக்கும் காய் காயுற ரூமுக்குள்ள வெந்து...”

நிறுத்தினார்.

“ஓ... அதான் வேர்வையாப்பா?” என்றாள் அன்னக்கொடி.

“மூட்டை எங்கய்யா?” யோசேப்பு உறுமினார்.

“என் கட்டிலுக்கு அடியில...”

“அதான் வீடே பாயசமா மணந்துச்சாப்பா!”

யோசேப்பு சோலைமலையிடம் திரும்பினார். “பொய்ப் புகாருன்னு எழுதிரவா மாப்ளே?”

“வேணாம் சார். மாமா ஏற்கெனவே வெந்துட்டாரு.”

கோட்டைச்சாமி செருமினார். “அதெல்லாம் சரி... கல்யாணத்தை மட்டும் தை மாசத்துக்குத் தள்ளி வெச்சுக்குவமா?”

அன்னக்கொடி இடுப்பில் கைவைத்தாள்.

“வெத்தலை பாக்கு மாத்தியாச்சுப்பா... ஓடிக்கிட்டிருக்கிற சுத்து பழைய கணக்குலதான் முடியும்!”