மூடியவருக்கு இன்னொரு கோடு

கைப்பேசியின் சத்தத்தை அவள் காலையிலேயே அடைத்து வைத்திருந்தாள். கடைக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் வேலை அது. கண்ணாடி வெட்டும்போது மணி அடித்தால் கை ஆடிவிடும். அப்படியிருந்தும் மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தபோது, எதிராளி திரையில் ஒரு கோடு போட்டதும் ‘சர்’ரென்று மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது.

அவளுக்குத் தெரிந்த சத்தம். எண்ணெயில் தொட்டெடுத்த சிறு சக்கரம் கண்ணாடியின் மேல் ஓடுகிற சத்தம். பதினோரு வருடமாக அதைக் கேட்டும் கேளாமலும் வாழ்ந்தவள். நிமிர்ந்து பார்த்தாள். வெட்டு மேசை காலியாக இருந்தது. சுவரோரம் சாய்த்து வைத்த தகடுகளுக்குள் மதிய வெளிச்சம் புகுந்து, ஓரங்கள் மட்டும் குளத்துத் தண்ணீர் போலப் பச்சையாகத் தெரிந்தன. மண்ணெண்ணெய் வாடை. ஈரமான கண்ணாடித் தூளின் வாடை. வேறு எதுவும் இல்லை.

அந்த விளையாட்டை அவளுக்கு இறக்கித் தந்தவள் பாலிஷ் அக்கா. கண்ணாடியின் ஓரங்களை இழைக்கிறவள் என்பதால் கடையில் எல்லாருக்கும் அவள் பாலிஷ் அக்கா. புருஷன் போய் எட்டு மாதமாகியும் இவள் மதியம் முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்ற கவலை அக்காவுக்கு. விளையாட்டு, பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடுவதுதான். வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைப் புள்ளிகள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஆளுக்கொரு கோடாக இணைத்துக்கொண்டே வரவேண்டும். ஒரு கட்டத்தின் நான்காவது கோட்டை யார் போடுகிறாரோ, கட்டம் அவருக்கு. மூடியவர் அதோடு நிறுத்த முடியாது. இன்னொரு கோடு போட்டே ஆகவேண்டும். பென்சிலும் தாளும் வைத்து ஆடியதை, இப்போது முகம் தெரியாத யாரோடாவது இணையத்தில் ஆடலாம்.

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்றும் சொல்லவேண்டி வரும். அதோடு, வேறு யாருடனாவது ஆடினால் அது வெறும் விளையாட்டாக மாறிவிடும் என்று ஒரு நம்பிக்கையும் இருந்தது.

எதிராளிக்கு விளையாட்டே வைத்த பெயர், விருந்தினர் 25. கீழ்வலது மூலையில் தொடங்கினார். அவசரமே இல்லை. வரிசையாகக் கட்டங்கள் கிடைத்தபோது எல்லாவற்றையும் எடுக்காமல் கடைசி இரண்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அவள் அந்த இரண்டையும் மூடினாள். மூடியதால் இன்னொரு கோடு போடவேண்டியதாயிற்று. அந்தக் கோடு அவருக்கு எட்டுக் கட்டங்களைத் திறந்துவிட்டது.

சர். சர். சர்.

இரண்டைக் கொடுத்து எட்டை வாங்குவது. அவன் அப்படித்தான் ஆடுவான்.

“என்னடி, அரைமணி நேரமா போனையே முறைச்சிட்டிருக்க?” என்று பின்னாலிருந்து பாலிஷ் அக்கா கேட்டாள். “அது உன்னைத் திருப்பி முறைச்சா என்ன பண்ணுவ?”

அவள் சிரித்து வைத்தாள்.

அவன் என்று அவள் மனதுக்குள் சொல்வது கணவனை. கடையில் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர். எதையும், மட்டம் பார்க்கிற அந்தக் கருவியை வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவான் என்பதால் முதலாளி வைத்த பெயர். வீட்டில் அவனுக்கு மனம் சரியில்லாத நாட்களில் ஆட்டம் நடக்கும். கண்ணாடிகளுக்கு நடுவே வைக்கிற தாளை மேசையில் விரித்து, புள்ளி வைத்து, பென்சிலை பிளேடால் ஊசிபோலச் சீவுவான். தோற்றவர் கையில் ஒரு புள்ளி. முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்து மெல்லிய தோலில், முனை உடையும்வரை அழுத்துவான். அவள் பல்லைக் கடிப்பதைப் பார்த்து, “விளையாட்டுக்குத்தானே” என்பான். கோபமாகச் சொன்னதே இல்லை. அந்தக் குரலில் ஒரு கொஞ்சல்கூட இருக்கும்.

இரண்டைக் கொடுத்து எட்டை வாங்கும் சூட்சுமம் மூன்றாவது வருடத்திலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருமுறை கவனக்குறைவாக ஜெயித்தும் விட்டாள். அதன் பிறகு ஆறு வாரம் இடதுபக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. அன்றிலிருந்து பார்த்துப் பார்த்துத் தோற்றாள். தோற்பதும் ஒரு வேலைதான். கைவந்த வேலை ஆயிற்று. புள்ளிகளைக்கூட அவன் கண்டபடி வைக்கவில்லை. வரிசைக்கு ஐந்து. பென்சில் கரி தோலுக்கடியில் தங்கி நீலமாகிவிட்டது. இருபத்து நாலு புள்ளிகள். கடைசி வரிசையின் வலது ஓரம் மட்டும் காலி.

இருபத்தைந்தாவது புள்ளியை அவன் மகளின் உள்ளங்கையில் வைத்தான். எட்டு வயது அவளுக்கு. “குட்டி, நீயும் கத்துக்கோ” என்று மடியில் உட்கார்த்தி ஆடினான். இவள் அடுப்படியில் இருந்தாள். அழுகைச் சத்தம்கூட வரவில்லை. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும்.

மறுநாள் காலை, மாடிக்கு ஏற்றவேண்டிய ஆளுயரத் தகட்டின் குறுக்கே அவள் ஒரு கோடு போட்டாள். அவனுடைய கட்டரையே எடுத்தாள், பித்தளைப் பிடியில் சிறு சக்கரம் வைத்தது. தொழிலுக்கு வந்த புதிதில் அவன் கற்றுக்கொடுத்ததுபோலவே: ஒரே இழுப்பு, நடுவில் நிறுத்தக் கூடாது, போட்ட கோட்டின் மேல் மறுபடி ஓட்டக் கூடாது. தாளை மேலே ஒட்டி மறைத்தாள். அவன் முன்னால் நடந்தான். மேல்முனையை அவன் பிடிக்க, கீழ்முனையை இவள் பிடித்தாள். ஏழாவது படியில் ‘டக்’ என்றது. மேல்பாதி அவன் பிடியிலிருந்து நழுவி, கழுத்தோரமாக இறங்கி, தொடையில் நின்றது. படிகளில் இரத்தம் ஒவ்வொரு படியாக, நிதானமாக, அளந்து ஊற்றியதுபோல இறங்கியது. அவன் காயத்தைப் பார்க்கவில்லை. உடைந்த விளிம்பைப் பார்த்தான். தானாக உடைகிற கண்ணாடி நேராக உடையாது. இது நேராக உடைந்திருந்தது. பிறகு அவளைப் பார்த்தான்.

விபத்து என்றார்கள் எல்லாரும். கட்டரை அவள் உடைசல் பீப்பாயின் அடியில், கண்ணாடித் துண்டுகளுக்குள் கைவிட்டுப் புதைத்தாள். பீப்பாயை மாதாமாதம் கண்ணாடி உருக்கும் ஆலைக்கு ஏற்றிவிடுவார்கள். ஏற்றியும் விட்டார்கள்.

விருந்தினர் 25-உடன் ஆடியதற்கு மறுநாள் மதியம் அவள் விளையாட்டைத் திறக்கவில்லை. கைப்பேசியை எடுத்தபோது அது ஏற்கெனவே திறந்திருந்தது. ஆட்டம் தொடங்கியிருந்தது. கீழ்வலது மூலையில் ஒரு கோடு. விரல் ஏதோ பட்டிருக்கும் என்று நினைத்தாள். பாதியில் விட்டால் என்னவோபோல இருக்கும் என்றும் நினைத்தாள். பதில் கோடு போட்டாள். அவர் ஒன்று, இவள் ஒன்று. அவசரமில்லாமல் தோற்றாள். முடிந்ததும் இடது கை எரிந்தது. சட்டைக் கையைச் சுருட்டினால், புள்ளிகளுக்கு நடுவே மயிரிழை போல வெள்ளைக் கீறல்கள். கண்ணாடிக் கடையில் கீறல் ஒரு விஷயமில்லை. பையில் எப்போதும் பிளாஸ்திரி இருக்கும். ஒன்றைப் பிரித்து ஒட்டப் போனாள். எந்தக் கீறலுக்கு முதலில் ஒட்டுவது என்று பார்த்தபோதுதான், கீறல்கள் எல்லாமே ஒரு புள்ளியில் தொடங்கி அடுத்த புள்ளியில் நிற்பதைப் பார்த்தாள்.

அந்த விளையாட்டில் சொந்தமாக எதுவும் எழுத முடியாது. ‘நல்ல ஆட்டம்’, ‘யோசிக்கிறேன்’, ‘இன்னொரு ஆட்டம்?’ என்று மூன்றே வாசகங்கள். தொட்டால் எதிராளிக்குப் போகும். இப்போது திரையில் நான்காவதாக ஒன்று இருந்தது.

‘விளையாட்டுக்குத்தானே.’

விளையாட்டை அழித்தாள். கைப்பேசியை அணைத்தாள். சாயங்காலம் வரை அதைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் மூடி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டில் வெயில் நிறைந்திருந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் கட்டம் கட்டமாக விழுந்து கிடந்தது. அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மகள் மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் தாளில் உரசுகிற சத்தம். அது நின்றது.

“அம்மா, உனக்கு ஏதோ வந்திருக்கு.”

ஈரக் கையோடு வந்து பார்த்தாள். அழித்த விளையாட்டு திரையில் இருந்தது. புள்ளிகள் வைத்தாயிற்று. அதன் கீழே ஒரு வரி.

‘நீ ஆடலைன்னா குட்டி ஆடட்டும்.’

மகளின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினாள். காரணம் சொல்லாமல் உள்ளறைக்கு அனுப்பி, தான் கூப்பிடும்வரை வெளியே வரக் கூடாது என்று கதவைச் சாத்தினாள். அந்தக் கதவைப் பார்த்தபடி உட்காரவேண்டும். அதற்கு வசதி எதிர்ப்பக்கத்து நாற்காலிதான். அவனுடையது. எட்டு மாதமாக யாரும் உட்காராதது. உட்கார்ந்தாள்.

முதல் கோடு விழுந்தது. சத்தம் இந்தமுறை கைப்பேசியிலிருந்து வரவில்லை, எலும்புக்குள்ளிருந்து வந்தது. கையில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தோல் பிரிந்தது. ஒரு கணம் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு நிறைந்தது.

அவள் தன் கோட்டைப் போட்டாள். அதுவும் அதே கையில்தான் விழுந்தது. அவன் கோடு, அவள் கோடு என்று கை வித்தியாசம் பார்க்கவில்லை. இரத்தம் மணிக்கட்டைச் சுற்றி வழிந்து மேசை விளிம்பிலிருந்து சொட்டியது. தரையில் விழுந்த கம்பி நிழலின் ஒரு கட்டம் நிறைந்தது. அடுத்த கட்டம்.

தோற்றால் அவன் குட்டியிடம் போவான். அது மட்டும்தான் மனதில் இருந்தது. பத்து வருடமாகத் தோற்கப் பழகிய கையை இன்றைக்கு ஒருநாள் ஜெயிக்க வைக்கவேண்டும்.

ஆறு கட்டங்கள் அவளுக்குக் கிடைத்தன. நான்கை மூடினாள். விரல் ஐந்தாவதற்கு நகர்ந்தது.

நிறுத்தினாள்.

இரண்டை விட்டுக்கொடுத்தாள்.

திரை வெகுநேரம் அசையவில்லை. ‘யோசிக்கிறேன்’ என்றது. இத்தனை வருடத்தில் அவன் யோசித்து அவள் பார்த்ததில்லை. அடிவயிற்றில் சூடாக ஏதோ எழும்பியது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். பயமில்லை. அவனுக்கு இனி எந்தக் கோடும் நல்ல கோடில்லை என்று தெரிந்த சுகம் அது. அவனும் இதைத்தான் அனுபவித்திருப்பானோ, ஒவ்வொரு தடவையும்?

அவன் இரண்டை எடுத்தான். வேறு வழியில்லாமல் இன்னொரு கோடு போட்டான். பத்துக் கட்டங்கள் திறந்தன.

மூடினாள். இன்னொரு கோடு. மூடினாள். இன்னொரு கோடு. கை எரியவில்லை. கையே இல்லை. சத்தம் மட்டும். சர். மூடினாள். சர். வாயில் இரும்பு ருசி. மூடினாள். தான் சிரிப்பது கேட்டது. சர். சர்.

கடைசிக் கட்டம். கீழ்வலது மூலை. திரையில் அங்கே புள்ளி இருந்தது. அவள் கையில் இல்லை.

நான்காவது கோட்டை இழுத்தாள்.

கையில் எதுவும் விழவில்லை. சாத்திய கதவுக்கு உள்ளே, மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

‘நல்ல ஆட்டம்’ என்றது திரை. அவளுக்குப் பதினான்கு. அவனுக்கு இரண்டு. இணைக்க ஒரு புள்ளி மிச்சமில்லை. ஆனாலும் கீழே எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

‘மூடியவருக்கு இன்னொரு கோடு. உங்கள் முறை.’

கதவு திறந்தது.

மகள் அழவில்லை. இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஒழுங்காக மடித்துவிட்டிருந்தாள். ஈரத்தில் கால் வைக்காமல், தரையின் காய்ந்த கட்டங்களாகப் பார்த்து மிதித்து வந்தாள். எதிர்ப்பக்கத்து நாற்காலியில், அம்மாவின் நாற்காலியில், ஏறி உட்கார்ந்தாள். கையை மேசையில் நீட்டி உள்பக்கத்தைத் திருப்பிவைத்தாள்.

ஐந்து வரிசை. வரிசைக்கு ஐந்து. நீலம். ஒன்றுகூடக் கோணவில்லை. ஒரு கோடுகூட இன்னும் விழவில்லை.

“உன் முறையாம், அம்மா.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். தன் வலது கையைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் கோடு இழுத்தது விரல் இல்லை. பித்தளைப் பிடி. எண்ணெய் மினுங்கும் சிறு சக்கரம். பிடியில் அவன் கட்டைவிரல் தேய்த்த பள்ளத்தில் அவள் கட்டைவிரல் சரியாக உட்கார்ந்திருந்தது.

“வலிக்காதும்மா,” என்றாள் மகள், தாயைத் தேற்றுகிறவள் போல. “விளையாட்டுக்குத்தானே.”

சக்கரம் முதல் புள்ளியில் இறங்கியது.

ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தக் கூடாது.

அவள் கை ஆடவே இல்லை.